நாலாவது சீசனில் வந்தவள்

அந்தத் தொடர் ஏன் கெட்டுப்போனது என்று யாராவது கேட்டால் நான் ஒரு மணிநேரம் பேசுவேன். முதல் மூன்று சீசனும் தங்கம், நாலாவதிலிருந்துதான் பிழையாகிப் போனது என்பேன். காரணங்களையும் வரிசையாகச் சொல்வேன். அவை சரியான காரணங்கள் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் அவற்றை நான் கண்டுபிடித்துக்கொண்டிருந்த நாட்களில் எனக்குள்ளே வேறொன்றும் எரிந்துகொண்டிருந்தது. அதை மறைத்துவிட்டு இதை மட்டும் சொன்னால் பாதிக்கதைதான் சொன்னதாகும்.

நான் யாழ்ப்பாணத்துக்காரி. அரச அலுவலகம் ஒன்றில் முகாமைத்துவ உதவியாளர். மாற்றலாகிக் கண்டிக்கு வந்தபோது குண்டசாலையில் வீடு எடுத்தோம். கணவர் கணித ஆசிரியர், ரீவீயில் கிரிக்கெட் தவிர வேறொன்றும் பார்க்கமாட்டார். காலையில் திகனப் பக்கமிருந்து வரும் பஸ்ஸில்தான் வேலைக்குப் போவேன். அது எங்கள் தரிப்பிடத்துக்கு வரும்போதே நிரம்பிவிடும். தெரிந்த முகம் ஒன்றும் இல்லாமல், கம்பியைப் பிடித்துக்கொண்டு தென்னேக்கும்புர பாலம் எப்போது வரும் என்று பார்த்தபடி போவதுதான் முதல் வருடம் முழுவதும் வழக்கம்.

ஒருநாள் நான் நின்ற இடத்துக்குக் கீழே, யன்னலோரம் இருந்த ஒரு பெண்ணின் போனில் படமொன்று ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல் நிற உடுப்புப் போட்ட ஒருத்தி தரையில் குந்தியிருந்து ஏதோ பம்ப் ஒன்றைக் கழற்றிக்கொண்டிருந்தாள். அடிக்கொருதரம் சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்ப்பாள், பிறகு வேலையைத் தொடர்வாள். அவ்வளவுதான். ஆனால் கண்ணை எடுக்க முடியவில்லை. போனை வைத்திருந்தவள் என் நிழலைக் கவனித்துவிட்டாள். யாராக இருந்தாலும் போனைத் திருப்பிக்கொள்வார்கள். அவள் எனக்கும் தெரியும்படி கொஞ்சம் சாய்த்துப் பிடித்தாள். பக்கத்திலிருந்தவர் இறங்கியதும் என்னை இருக்கச் சொல்லி, காதிலிருந்த வயர் ஒன்றைக் கழற்றித் துடைத்து என்னிடம் நீட்டினாள். இருவரும் இன்னும் ஒரு வார்த்தை பேசியிருக்கவில்லை.

அவள் திகனயைச் சேர்ந்த முஸ்லிம் பெண். கண்டி நகரத்தில் ஒரு தனியார் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை. கணவருக்குத் திகன சந்தியில் புடைவைக்கடை. என்னைவிட நாலு வயது இளையவள் என்பது தெரிந்த அன்றிலிருந்து என்னை அக்கா என்று கூப்பிட்டாள். நான் அவளை இரண்டாம் வருடத்தில் 'நீர்' என்று பேசத் தொடங்கினேன். எங்கள் ஊரில் அது நெருக்கமானவர்களுக்குச் சொல்வது. முதல்தரம் கேட்டபோது, மேடை நாடகத்தில் ராசா பேசுகிறமாதிரி இருக்கிறது என்று சிரித்தாள். பிறகு பழகிவிட்டது. எப்போதாவது மறந்துபோய் 'நீங்கள்' என்று சொன்னால், ஏன் கோபமா என்று கேட்பாள்.

தொடரின் கதை இதுதான். நெப்டியூனின் நிலவொன்றைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஒரு நிலையத்தில் ஏழு பேர் இருக்கிறார்கள். அவர்கள் சொல்லும் ஒரு சொல் பூமிக்குப் போய்ச்சேர நாலு மணிநேரம், மறுமொழி வர இன்னொரு நாலு மணிநேரம். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று வீட்டிலிருந்து செய்தி வந்தால், அந்தக் காய்ச்சல் ஏற்கெனவே நாலு மணிநேரம் பழையது. முதல் மூன்று சீசனும் இந்த ஒரு சங்கடத்தின்மேல்தான் நின்றது. நான் பஸ்ஸில் பார்த்த அந்த எபிசோட்டில், பம்ப் கழற்றும் பொறியியலாளரின் தாய் ஆசுபத்திரியில் கிடக்கிறாள். இருக்கிறாளா என்று கேட்டு அனுப்பிவிட்டு மகள் எட்டு மணிநேரம் காத்திருக்கிறாள். அந்த எபிசோட்டில் பம்ப் திருத்துவதைத் தவிர வேறொன்றும் நடக்காது. கடைசியில் மறுமொழி வந்த சத்தம் கேட்கும், அவள் கையைத் துடைத்துக்கொண்டு எழும்புவாள், அத்துடன் முடிந்துவிடும். என்ன மறுமொழி என்று காட்டமாட்டார்கள். எங்கள் வீட்டில் நான் அதைக் கணவருக்குச் சொன்னபோது, இதற்கு ஒரு மணிநேரமா என்று கேட்டார்.

அவள் தொடர் வரும் தளத்தில் தன் கணக்கின் கடவுச்சொல்லை எனக்குத் தந்தாள். உள்ளே போனதும் யார் பார்ப்பது என்று கேட்டு முகங்கள் வரும். அவளுக்கு நரி முகம், எனக்கு நீலப்பூனை. எங்களுக்குள் ஒரு ஒழுங்கு இருந்தது. புது எபிசோட் வெள்ளிக்கிழமை வரும். நான் சனிக்கிழமை மத்தியானம் சமைத்து முடித்துவிட்டுப் பார்ப்பேன், அவள் ஞாயிறு காலை பார்ப்பாள். போனில் அதைப்பற்றி ஒரு சொல்லும் எழுதக்கூடாது. திங்கள் காலை பஸ்ஸில்தான் பேச்சு. அவள் தன் பையை வைத்து எனக்கு இடம் பிடித்திருப்பாள். ஏறி இருந்த நேரத்திலிருந்து மணிக்கூட்டுக் கோபுரத்தடியில் இறங்கும்வரை நாங்கள் நெப்டியூனில் இருப்போம்.

என்னவெல்லாம் பேசினோம் என்று யோசித்துப்பார்க்கிறேன். நிலையத்து வைத்தியர் பொட்டாசியம் பார்ப்பதற்கு ஊதா மூடிக் குழாயில் இரத்தம் எடுத்ததைக் கண்டு அவள் ஒரு கிழமை கொதித்தாள். அந்தக் குழாயில் அந்தப் பரிசோதனையே செய்ய ஏலாது, இத்தனை செலவழித்து எடுக்கிறவர்களுக்கு ஒரு லேப்பில் கேட்கத் தெரியாதா என்றாள். எனக்கு, அங்கே லீவுக்கு யார் கையெழுத்து வைப்பது, தலைவர் சுகமில்லாமல் கிடந்தால் பதில் கடமை யாருக்கு என்பதுதான் யோசனை. முன்சீட்டில் இருந்த ஒரு மனிதர் எங்கள் பேச்சைக் கேட்டு, நாங்கள் ஏதோ வெளிநாட்டு நிறுவனத்தில் வேலை செய்கிறோம் என்று நினைத்துத் தன் மகளுக்கு அங்கே வேலை எடுக்கலாமா என்று ஒருநாள் விசாரித்தார்.

எனக்குக் கண்டியில் இருந்த ஒரே சிநேகிதி அவள். அவளுக்கு நான் ஒருத்தி மட்டுமல்ல என்பது எனக்குத் தெரியும். அவளுக்குத் தாத்தாமார் என்று அவள் சொல்லும் அக்காமார், மச்சிமார், கடையில் வந்துபோகிறவர்கள் என்று திகன முழுவதும் ஆட்கள். ஆனால் நெப்டியூனில் நாங்கள் இரண்டு பேர்தான். அது எனக்குப் போதுமாக இருந்தது.

மூன்றாவது சீசன் முடிந்து நாலாவது வருவதற்கு ஏறக்குறைய இரண்டு வருடம் பிடித்தது. அந்த இடைவெளியில் அவளுடைய லேப்புக்குப் புதிதாக ஒரு பெண் வேலைக்கு வந்தாள். கடுகண்ணாவையிலிருந்து வருகிறாள், மலையகத்துத் தமிழ்ப் பெண், நல்ல கெட்டிக்காரி என்று அவள் சொன்னாள். நான் அதைப் பெரிதாகக் கவனிக்கவில்லை.

நாலாவது சீசனின் முதல் எபிசோட் வந்தது. நிலவின் பனிக்கட்டிக்கு அடியில் ஒரு பச்சைக்கல் கிடைக்கிறது. அதைத் தொட்டுக்கொண்டு பேசினால் பூமியில் இருப்பவருக்கு அந்தக் கணமே கேட்கும், மறுமொழியும் அந்தக் கணமே வரும். நான் சனிக்கிழமை அதைப் பார்த்துவிட்டுக் கதிரையில் அப்படியே இருந்தேன். கதையிலிருந்து அந்த நாலு மணிநேரக் காத்திருப்பே போய்விட்டது. இந்தக் கதைக்கு இருந்த ஒரே கால் அதுதானே, அதை ஏன் வெட்டினார்கள் என்று எனக்கு விளங்கவில்லை. திங்கட்கிழமை எப்போது வரும் என்று இருந்தேன். அவளும் என்னைப்போலத் துடித்துக்கொண்டிருப்பாள் என்று நினைத்தேன்.

பஸ்ஸில் ஏறி இருந்ததும் அவள் சொன்னாள், "இனித்தான் அக்கா கதை மூச்சு விடுது."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இரண்டரை வருடம் காலையும் மாலையும் அவளுடன் பேசியிருக்கிறேன். கதை மூச்சு விடும் என்றெல்லாம் அவள் பேசமாட்டாள். 'சரியான வேலை', 'விசர் வேலை' இரண்டும்தான் அவளுடைய விமர்சனம். அந்த வசனம் அவளுடையதில்லை என்று கேட்டவுடன் எனக்குத் தெரிந்துவிட்டது. ஆர் சொன்னது என்று கேட்டேன். லேப்பில் புதிதாக வந்த பிள்ளையும் இதைப் பார்க்கிறாளாம், ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனில் எழுதி எழுதியே பார்த்தார்களாம்.

போனில் எழுதக்கூடாது என்ற ஒழுங்கு எங்கள் இருவருக்கும் இடையில்தான் இருந்தது. வேறு ஒருத்தியுடன் எழுதக்கூடாது என்று நான் அவளிடம் ஒருபோதும் சொல்லியிருக்கவில்லை. ஆகையால் அவள் செய்தது பிழை என்று சொல்ல எனக்கு வழியில்லை. அதுதான் என்னை இன்னும் கூடுதலாக வருத்தியது.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகள் மாறிவிட்டன. பையை வைத்து இடம் பிடிப்பாள், நான் இருப்பேன், பேசுவோம். ஆனால் அவள் ஞாயிற்றுக்கிழமையே பேசி முடித்துவிட்டு வருகிறாள். எனக்குக் கிடைப்பது மிச்சம். நான் ஒன்றைச் சொல்லத் தொடங்கினால், அதைத்தான் அவளும் சொன்னாள் என்பாள். அல்லது, அவள் அப்படி நினைக்கவில்லை என்பாள். ஒவ்வொரு வாரமும் அந்த 'அவள்' எங்களுக்கு நடுவில் வந்து இருந்தாள். நான் அவளை மனதில் ஒரு மாதிரி செய்து வைத்திருந்தேன். உயரம், நேர்த்தியான உடுப்பு, இங்கிலீஷ் சரளம், எதற்கும் ஒரு பதில்.

ஒரு சனிக்கிழமை தொடரைத் திறந்தேன். நரியும் பூனையும் இருந்த இடத்தில் மூன்றாவதாக மஞ்சள் கோழிக்குஞ்சு ஒன்று இருந்தது.

நான் செய்ததைச் சொல்கிறேன். குஞ்சை அழுத்தி உள்ளே போனேன். அந்தப் புதியவள் என்னென்ன பார்த்திருக்கிறாள், எதில் எந்த இடத்தில் நிறுத்தியிருக்கிறாள் என்று பார்த்தேன். பிறகு நரிக்குள் போய் என் சிநேகிதி எங்கே நிறுத்தியிருக்கிறாள் என்று பார்த்தேன். இரண்டும் ஒரே எபிசோட், ஏறக்குறைய ஒரே நிமிடம். மற்ற வாரமும் பார்த்தேன். வாரநாட்களில் அலுவலகத்தில் தேத்தண்ணி நேரத்திலும் பார்த்தேன். நாற்பத்திமூன்று வயதுப் பொம்பிளை, கோப்பைத் திறந்து முன்னால் வைத்துக்கொண்டு, ஒரு கோழிக்குஞ்சு எத்தனையாவது நிமிடத்தில் நிற்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது எபிசோட் வந்த சனிக்கிழமை நான் அந்தக் குஞ்சை அழித்தேன். கணவர் முற்றத்தில் மோட்டார் சைக்கிள் கழுவிக்கொண்டிருந்தார். அழித்தால் இவர் பார்த்த விபரம் எல்லாம் போய்விடும், நிச்சயமா என்று கேட்டது. அழுத்தினேன். ஒரு நிமிடத்துக்கு நன்றாக இருந்தது. நரியும் பூனையும் மட்டும் பக்கத்தில் பக்கத்தில். பிறகு எழும்பிப்போய்க் கறிச்சட்டியைக் கழுவினேன்.

திங்கட்கிழமை அவள், அந்தப் பிள்ளையின் பக்கம் அப்படியே காணாமல்போய்விட்டது, என்ன நடந்தது என்றே தெரியவில்லை என்றாள். இதெல்லாம் அடிக்கடி நடக்கிறதுதான் என்று யன்னலைப் பார்த்தபடி சொன்னேன். அடுத்த சனிக்கிழமை குஞ்சு திரும்பி வந்திருந்தது. அதே மஞ்சள்.

இதே காலத்தில்தான் நான் தொடரின் பிழைகளை எண்ணத் தொடங்கினேன். இரண்டாவது சீசனில் செத்துப்போன வைத்தியர் பச்சைக்கல்லின் உபயத்தில் திரும்பி வந்தார். செத்தவர் வரலாமென்றால் இனி யார் செத்தால் எனக்கென்ன என்றேன். ஏழு பேர் இருந்த நிலையத்தைச் சுற்றி முப்பது கப்பல்கள் வந்துவிட்டன, பூமியில் சனாதிபதிமார் சண்டை பிடித்தார்கள், பம்ப் திருத்திய பொறியியலாளரை இந்தக் கல் ஆயிரம் வருடமாகத் தேடிக்கொண்டிருந்ததாம். சாதாரணமான ஒருத்தி காத்திருந்ததுதானே அழகு, அவளை எதற்குத் தெய்வமாக்க வேண்டும் என்றேன். எழுதுகிறவர்கள் மாறியிருக்க வேண்டும் என்றேன். கூடுதலான ஆட்கள் பார்க்கத் தொடங்கியதும் எல்லாருக்கும் பிடிக்கவேண்டும் என்று எழுதினால் இப்படித்தான் வரும் என்றேன். பழையவர்களுக்கு இனி அங்கே இடமில்லை, வந்து சேர்ந்தவர்களுக்குத்தான் எல்லாம் என்றும் சொன்னேன். அதைச் சொன்னபோது என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் வழக்கமாக விட்டுக்கொடுத்துவிடுவாள். அன்றைக்கு விடவில்லை.

"நீங்க கெட்டது எண்டு முதல்ல முடிவெடுத்திட்டுத்தான் பாக்குறீங்க அக்கா," என்றாள். "முந்தி நீங்க இப்படிப் பாக்கல்ல."

வாவிக்கரையால் பஸ் ஊர்ந்துகொண்டிருந்தது. பிறகு அவள் வேறு பேச்சுக்கு மாறினாள். பௌர்ணமிப் போயா லீவு அன்று சீசனின் கடைசி இரண்டு எபிசோட்டையும் தன் வீட்டில் பெரிய ரீவீயில் சேர்ந்து பார்ப்போம், அந்தப் பிள்ளையும் வருகிறாள், நீங்களும் கட்டாயம் வரவேண்டும் என்றாள். எனக்குப் போக விருப்பமில்லை. போகாவிட்டால் அவர்கள் இருவரும் மட்டும் பார்ப்பார்கள் என்று நினைத்ததும் போக முடிவுசெய்தேன்.

அவளுடைய வீடு திகன சந்தியிலிருந்து கொஞ்சம் உள்ளே. நான் மணிக்கூட்டைப் பார்த்து அரை மணிநேரம் முன்னதாகவே போனேன். முதலில் நான் இருக்கவேண்டும் என்பதற்காகத்தான். வட்டிலப்பம் செய்து வைத்திருந்தாள். நல்ல கதிரையில், ரீவீக்கு நேரே, நான் இருந்துகொண்டேன்.

வந்தவள் நான் செய்து வைத்திருந்த ஆளில்லை. குள்ளமான, மெலிந்த பெண், முப்பது வயது இருக்கும். கடுகண்ணாவையில் மழையாம், குடை சொட்டியது. அதை உள்ளே கொண்டுவரக் கூச்சப்பட்டு வெளியே எங்கே சாத்துவது என்று தடுமாறினாள். கதிரைகள் இருக்க, பாயில் இருந்தாள். என்னைக் கண்டதும் எழும்பி நின்று, "அக்கா, ஒங்களப் பத்தி நெறைய சொல்லியிருக்காங்க," என்றாள். பம்ப் திருத்துகிற எபிசோட்டைப்பற்றி நான் சொன்னதெல்லாம் தனக்குத் தெரியும் என்றாள். மறுமொழி வந்த சத்தத்தோடு நிறுத்தியதால்தான் அந்தத் தாய் இன்னும் சாகவில்லை என்று நான் ஒருமுறை பஸ்ஸில் சொல்லியிருந்தேன். அந்த வசனத்தை அவள் எனக்கே திருப்பிச் சொன்னாள். என் சிநேகிதி பக்கத்தில் நின்று, பாத்தீங்களா என்பதுபோலச் சிரித்தாள்.

எனக்கு மனம் குளிர்ந்திருக்க வேண்டும். ஆனால் இந்தப் பெண்ணின் வசனம் என்னிடம் வந்ததுபோல என்னுடையதும் கடுகண்ணாவைக்குப் போயிருக்கிறது, என்னைக் கேளாமல் கொடுத்திருக்கிறாள் என்றுதான் பட்டது. என் சிநேகிதிக்கென்று நான் சொன்னது அது.

ரீவீ ஓடத் தொடங்கியது. நடுவில், நிலையத்திலிருந்த ஒருத்தி பச்சைக்கல்லைப் பிடித்துக்கொண்டு பூமியிலிருக்கும் தன் மகனுடன் பேசுவதாக ஒரு காட்சி வந்தது. பழைய காட்சிதான், ஞாபகத்துக்காகத் திரும்பக் காட்டினார்கள். என்னால் வாயை வைத்துக்கொண்டிருக்க முடியவில்லை. இந்தக் கல்லால்தான் எல்லாம் கெட்டது, காத்திருக்கத் தேவையில்லாதபோது இந்தக் கதையில் என்ன மிச்சம், இதைப் பார்த்து மூச்சு விடுகிறது என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள் என்றேன். சொல்லும்போது அவளைப் பார்க்கவில்லை. என் சிநேகிதி ரீவீயை நிறுத்தினாள்.

அந்தப் பெண் கோபப்படவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.

"எங்கம்மா குவைத்துல இருந்தாங்கக்கா, நான் சின்னதா இருக்கறப்ப," என்றாள். "கசெட்டுல பேசி அனுப்புவாங்க. யாராச்சும் ஊருக்கு வந்தாத்தான் அது நம்ம கைக்கு வரும். காய்ச்சல் சொகமாயிருச்சான்னு அதுல கேட்டிருப்பாங்க. எனக்கு எப்ப காய்ச்சல் வந்துச்சுன்னே ஞாபகம் இருக்காது. ஆனாலும் கசெட்டப் பாத்து, சொகமாயிருச்சும்மான்னு சொல்லுவேன்."

ஏழு வருடம் அப்படி இருந்ததாகச் சொன்னாள். லேப்பில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, என் சிநேகிதி சொல்லித் தொடரில் முதன்முதலாகப் பார்த்தது நாலாவது சீசனின் தொடக்கத்தில் வந்த அந்த மகனுடன் பேசும் காட்சியைத்தானாம். அதற்கு முதலில் நடந்த கதை என் சிநேகிதி சொல்லிக் கேட்டது மட்டும்தானாம்.

"அந்தப் பொம்பள கேட்ட ஒடனேயே அந்தப் பையன் பதில் சொன்னான் பாருங்க. அத நான் நாலு தடவ பாத்தேன்," என்றாள்.

அந்த இடத்தில் நல்ல மனிதர் யாராக இருந்தாலும் வெட்கப்பட்டிருப்பார். எனக்கும் வெட்கம் வந்தது, ஆனால் அது இரண்டாவதாகத்தான் வந்தது. முதலில் வந்தது, என் காரணங்கள் எல்லாவற்றையும்விட இவளுடைய காரணம் பெரிதாக இருக்கிறதே என்ற எரிச்சல். என்னிடம் அப்படி ஒரு கதை இல்லை. என் சிநேகிதியின் கண் கலங்கியிருந்தது. அவளுக்காக. நான் பேசி அவள் கண் ஒருநாளும் கலங்கியதில்லை. நான் வட்டிலப்பம் நன்றாக இருக்கிறது என்றேன். பிறகு மிச்சத்தையும் பார்த்து முடித்தோம். கடைசி எபிசோட் உண்மையிலேயே மோசம். கப்பல்கள் வெடித்துக்கொண்டே இருந்தன. அதை நான் சொல்லவில்லை.

திரும்பும்போது அந்தப் பெண்ணும் நானும் ஒரே பஸ். பின்னேரம், லீவு நாள், இடம் நிறைய இருந்தது. பக்கத்தில் பக்கத்தில் இருந்தோம். முதல் மூன்று சீசனையும் இன்னும் பார்க்கவில்லை என்று அவளாகவே சொன்னாள். பார்த்தால் தனக்கும் நாலாவது பிடிக்காமல் போய்விடுமோ என்று பயம் என்றாள். பேச்சோடு பேச்சாக, தன் பக்கம் ஒருமுறை அழிந்துபோனதையும், தான்தான் எதையோ பிழையாக அழுத்திவிட்டேன் என்று நினைத்து என் சிநேகிதியிடம் மன்னிப்புக் கேட்டதையும் சொன்னாள்.

அதைக் கேட்டுக்கொண்டு என்னால் இருக்க முடியவில்லை.

"அதை அழிச்சது நான்," என்றேன்.

அவள் திரும்பிப் பார்த்தாள். ஏன்க்கா என்று கேட்டாள். நான் ஏதாவது சாட்டுச் சொல்லியிருக்கலாம்.

"பொறாமை. நீர் வந்த பிறகு அவ என்னோட கதைக்கிறது குறைஞ்சு போச்சு."

"என்மேலயா?" என்றாள். அவள் குரலில் இருந்தது கோபமில்லை. நம்ப முடியாத ஒரு ஆச்சரியம். தன்மேல் பொறாமைப்பட என்ன இருக்கிறது என்று கேட்டாள். கேட்டுவிட்டு யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். கண்ணாடியில் அவள் முகம் கொஞ்சம் தெரிந்தது. அவளுக்கு அது பிடித்திருந்ததோ என்றுகூட எனக்குத் தோன்றியது. குண்டசாலையில் நான் இறங்க எழும்பியபோது, அந்த அக்காவிடம் தான் இதைச் சொல்லப்போவதில்லை என்றாள். பிறகு, முதலாவது சீசனை நீங்கள் கூட இருந்து காட்டினால் பார்ப்பேன் என்றும் சொன்னாள்.

அப்படித்தான் அவள் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டுக்கு வரத் தொடங்கினாள். லேப் அரைநாளோடு முடிந்ததும் பஸ்ஸேறி வருவாள், சாப்பிடுவோம், இரண்டு எபிசோட் பார்ப்போம், பொழுதுபடமுன் போய்விடுவாள். என் சிநேகிதிக்குச் சனிக்கிழமை பின்னேரம் கடையில் நிற்கவேண்டும். அதனால்தான் கூப்பிடவில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். முதல் சில வாரம் அதைப்பற்றி பஸ்ஸில் வாய் திறக்கவுமில்லை.

பம்ப் எபிசோட்டை அவள் கையைக் கட்டிக்கொண்டு பார்த்தாள். மறுமொழி வந்த சத்தத்தோடு திரை கறுத்ததும், இதுதான்க்கா நல்ல கதை என்றாள். என் மனம் நிறைந்துவிட்டது. உடனே, ஆனாலும் நாலாவதுதான் தனக்கு விருப்பம் என்றாள். இரண்டையும் ஒரே மூச்சில் எப்படிச் சொல்கிறாள் என்று எனக்கு விளங்கவில்லை. வாதாடவும் தோன்றவில்லை. அவளுக்கு எதைச் சொன்னாலும் கவனமாகக் கேட்பாள், அடுத்த சனிக்கிழமை அதை யோசித்துக்கொண்டு வருவாள். அவள் எவ்வளவு நல்ல பேச்சுத்துணை என்று எனக்கு விளங்கியபோது, என் சிநேகிதி ஏன் அவளுடன் ஒட்டிக்கொண்டாள் என்பதும் விளங்கியது.

ஒரு திங்கட்கிழமை பஸ்ஸில் ஏறி இருந்தேன். என் சிநேகிதி வழக்கம்போலச் சிரிக்கவில்லை.

"சனிக்கிழமையில ரெண்டு பேரும் பாக்குறீங்களாம்," என்றாள். "இன்டைக்கு நேத்து இல்லயாம். கொஞ்ச நாளாவாம்."

ஓம் என்றேன்.

"என்னயும் கூப்பிட்டிருக்கலாம். கடைய யாராவது பாத்திருப்பாங்க."

அந்தக் குரலை நான் உடனே அடையாளம் கண்டேன். மாதக்கணக்கில் எனக்குள்ளே கேட்ட குரல் அது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. இதை எழுதும்போது முகம் சுடுகிறது, ஆனால் அன்றைக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது. அவளுக்கும் என்மேல் அப்படி ஒரு பிடி இருக்கிறது என்று அதுவரைக்கும் எனக்குத் தெரியாது. பிறகு அவள் முகம் வாடியிருந்ததைப் பார்த்தேன். அந்த வாட்டம் எப்படி இருக்கும் என்று நன்றாகத் தெரிந்த ஒருத்தி, அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்கக்கூடாது என்று தோன்றியது. எல்லாவற்றையும் சொன்னேன். நிமிடக்கணக்குப் பார்த்தது, குஞ்சை அழித்தது, கதிரையில் முதலில் போய் இருந்தது வரைக்கும்.

அவள் பையை மடியில் நிமிர்த்தி வைத்தாள்.

"அழிச்சது நீங்கதான் எண்டு எனக்குத் தெரியும்," என்றாள். அந்தக் கடவுச்சொல் மூன்று பேருக்குத்தான் தெரியும், இரண்டு பேர் அழிக்கவில்லை, பிறகென்ன என்றாள்.

"அப்ப ஏன் கேக்கேல்ல?"

"கேட்டிருந்தா அடுத்த நாள் நீங்க வேற பஸ்ல போயிருப்பீங்க."

அது உண்மை. நான் அப்படித்தான் செய்திருப்பேன்.

ஐந்தாவது சீசன்தான் கடைசி. அதை மூன்று பேரும் திகனயில் ஞாயிறு காலைகளில் பார்த்தோம். நாலாவதையும்விட மோசம். கடைசி எபிசோட்டில் செத்தவர்கள் எல்லாரும் எழும்பி வந்து ஒரு மேசையைச் சுற்றி இருந்து சாப்பிட்டார்கள். நான் தலையில் கைவைத்தேன். கடுகண்ணாவைக்காரி அழுதாள். என் சிநேகிதி, அந்த மேசையில் இருந்த கோழியை அவர்களுக்கு யார் நெப்டியூனில் வளர்த்தது என்று கேட்டாள். அதற்குச் சிரிக்கத் தொடங்கி, அழுதவளும் சேர்ந்து சிரித்து, முடிவு என்ன என்பதே சரியாகப் பார்க்கவில்லை.

பொறாமை போய்விட்டது என்று சொல்லமாட்டேன். லேப்புக்குப் பக்கத்தில் ஒரு புரியாணிக் கடை திறந்திருக்கிறார்கள், மாதம் ஒருமுறை அவர்கள் இருவரும் அங்கே போகிறார்கள். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்பேன், சாதாரணமாகக் கேட்பதுபோல. இருவரும் தனித்தனியாகச் சொல்வதை ஒப்பிட்டும் பார்ப்பேன். புதிதாக ஒரு தொடர் வந்திருக்கிறதாம், கடலுக்கடியில் நடக்கிற கதையாம். போன சனிக்கிழமை கடுகண்ணாவைச் சின்னவள் சொன்னாள். என் சிநேகிதி அதில் மூன்று எபிசோட் பார்த்துவிட்டாளாம். பஸ்ஸில் என்னிடம் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை. நாளைக்குத் திங்கட்கிழமை. நானாகவே கேட்கப்போகிறேன்.